பெஹாலாவிலிருந்து ஒரு ரேடியேட்டர் வைத்தியம்

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. “புஸ்… கொர்ர்…” என்று இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. முந்தின நாள்தான் மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பியிருந்தோம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. சமையலறைக் குழாயில் ஜோராகக் கொட்டுகிறது. குளியலறைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

குழாய் வேலை செய்பவரை இங்கே ‘கோலேர் மிஸ்திரி’ என்பார்கள். குரங்குக் குல்லாவும் மப்ளருமாக எங்கள் மிஸ்திரி வந்து சேர்ந்தார். கொல்கத்தாவில் ஜனவரி இரவு 14 டிகிரிக்கு இறங்கினாலே ஊரே குல்லா போட்டுக்கொள்ளும். அவர் குழாயைத் திறந்து, காதை அருகே வைத்துக் கேட்டார். “ஹாவா டுகேசே” என்றார். உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இது பிடிபடவில்லை. “காத்து லேசுதானேப்பா? தண்ணி அதைத் தள்ளிட்டு வந்துடாதா?”

கேட்க வேண்டிய கேள்விதான். காற்று லேசாக இருப்பதுதான் இங்கே தொல்லையே. எங்கள் வீட்டில் தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய் மாடித் தரையோடு ஓடி, கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, மறுபக்கம் குளியலறைக்கு இறங்குகிறது. நடுவில் ஒரு மேடு. தொட்டியைக் காலி செய்தபோது குழாயும் காலியாகி, உள்ளே காற்று நிறைந்துவிட்டது. மறுபடி தண்ணீர் வந்தபோது அந்தக் காற்று மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் மறுபக்கம் இறங்க வேண்டுமென்றால் காற்றைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். காற்றுக்கோ மேலே இருக்கத்தான் பிடிக்கும். தொட்டியின் நீர்மட்டம் அந்த மேட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். அந்தக் கொஞ்ச உயரம் கொடுக்கிற அழுத்தம் போதவில்லை.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மீன்தொட்டிக் கடையில் மெல்லிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பாட்டிலைப் படுக்க வைத்து, குழாயை அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஒரு முனையில் சின்னப் புனலைச் செருகி உயர்த்திப் பிடித்து, வண்ணம் கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒவ்வொரு சுற்றின் அடியிலும் தண்ணீர் தேங்கும், உச்சியில் காற்று தேங்கும். புனல் வெளிமுனையைவிட உயரமாகவே இருக்கும். ஆனாலும் சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. முதல் தடவை பார்க்கும்போது நம்பவே முடியாது.

மிஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? கீழே மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரு திருகுகுழாய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து வந்து குளியலறைக் குழாயின் வாயில் பொருத்தி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். மோட்டாரைப் போட்டார். தண்ணீர் தலைகீழாக, குளியலறையிலிருந்து தொட்டியை நோக்கி ஏறியது. என் மகள் மாடியில் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். “வருது! குபுகுபுன்னு வருது!” என்று அவள் கத்தியது தெரு வரை கேட்டது. தொட்டிக்குள் பெரிய பெரிய குமிழிகள். காற்றை அதற்குப் பிடித்த மேல்திசையிலேயே அனுப்பிவிட்டார் மிஸ்திரி. அதோடு எதிர்ப்பும் போயிற்று.

இதெல்லாம் காலைக் கதை. அன்று இரவு எட்டரை மணிக்கு லண்டனிலிருந்து என் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே அப்போது மதியம் மூன்று மணி. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஈஸ்ட்ஹாமில் அவன் வீடு. ஒன்பது வயது தம்பி மகன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி சிவந்து உட்கார்ந்திருந்தான்.

“பெரியப்பா, என் ரூம் ரேடியேட்டர் சூடாகவே மாட்டேங்குது. ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவாங்களாம்.”

ரேடியேட்டர் என்றால் நமக்கு பஸ், லாரி ஞாபகம்தான் வரும். எங்கள் பகுதி டயமண்ட் ஹார்பர் சாலையில் ஓடும் பஸ்ஸின் முகப்பில் இருக்கும் ரேடியேட்டர், எஞ்சினின் சூட்டை வெளியே விரட்டுகிறது. குளிர்நாட்டு வீட்டில் இருக்கும் ரேடியேட்டர் சூட்டை அறைக்குள் கொண்டு வருகிறது. வேலை ஒன்றுதான்: சுடுநீரிலிருந்து சூட்டைப் பிரித்துக் காற்றுக்குக் கொடுப்பது. ஜன்னலுக்குக் கீழே தட்டையான இரும்புப் பெட்டி போல மாட்டியிருக்கும். சமையலறை மூலையில் கேஸில் எரியும் பாய்லர் தண்ணீரைச் சுட வைக்கும். ஒரு பம்பு அதை வீடு முழுக்கத் தள்ளும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறி, ஆறிப்போய், பாய்லருக்கே திரும்பி வரும். புதுத் தண்ணீர் கிடையாது. அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர் 1850களில் இப்படியொரு இரும்புப் பெட்டியை உருவாக்கினார். நம் நாட்டில் காஷ்மீரிகள் அதே வேலைக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஹமாம் என்ற அறையின் கல்தரைக்கு அடியில் விறகு எரித்து, தரையையே சூடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

தண்ணீரை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 42,000 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். ஒரு லிட்டர் காற்று அதே 10 டிகிரி ஆறினால் கொடுப்பது வெறும் 12 ஜூல். மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

என் மகளுக்கு அந்த எண்கள் தெரியாது. ஆனால் காலையில் பார்த்த குமிழிகள் கண்ணிலேயே நின்றன. “சித்தப்பா, காத்து புகுந்திருக்கும்!” என்றாள் உடனே. தம்பிக்கும் அதே சந்தேகம்தான். ரேடியேட்டரின் மேல் மூலையில் காற்றை வெளியேற்றுவதற்கென்றே ஒரு குட்டித் திருகு இருக்கும். அதற்குப் பித்தளையில் ஒரு சின்னச் சாவி. தம்பி பாய்லரை நிறுத்தினான். கீழே துணி விரித்து, கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சாவியை அரைச் சுற்று மட்டும் திருப்பினான். நாங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

‘புஸ்’ என்ற சத்தமே இல்லை. உடனே தண்ணீர் சொட்டியது.

மகளின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த நொடி ரொம்பப் பிடித்தது. அதுவரை நம்மிடம் இருந்தது ஒரு ஊகம். இப்போது கையில் ஒரு உண்மை வந்துவிட்டது: ரேடியேட்டரின் உச்சி வரை தண்ணீர் இருக்கிறது, காற்று இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? சுடுநீர் உள்ளேயே வரவில்லை. எங்கே நிற்கிறது?

“தொட்டுப் பாரு. ஆனா உள்ளங்கையால வேண்டாம், புறங்கையால லேசா” என்றேன். தம்பி பாய்லரை மறுபடி ஓட விட்டான். குழாய்க்குள் 60, 70 டிகிரிச் சூட்டில் தண்ணீர் ஓடும் என்பதால் பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவனே தொட்டான். தரையிலிருந்து ஏறி வரும் குழாய் சூடு. வால்வு வரைக்கும் சூடு. வால்வைத் தாண்டினால் ஜில். ஒரு சாண் தூரத்துக்குள் சூடும் குளிரும் பிரிகிற எல்லை கிடைத்துவிட்டது.

அந்த வால்வு கெட்டிக்காரத்தனமான ஒரு சாதனம். அதன் குமிழில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகோ திரவமோ அடைத்திருக்கும். அறை சூடானால் அது விரிந்து, கீழே இருக்கும் ஓர் ஊசியை அழுத்தும். ஊசி இறங்கித் தண்ணீர் வழியை மூடும். அறை குளிர்ந்தால் குப்பிக்குள் இருப்பது சுருங்கும், ஸ்பிரிங் ஊசியை மேலே தூக்கும், வழி திறக்கும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பொருள்கள் சூட்டில் விரியும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த ஒரு விதியை வைத்தே இது நாள் முழுக்கக் காவல் காக்கிறது.

ஆனால் கோடைக்காலம் முழுவதும் அறை சூடாகவே இருந்திருக்கும். ஊசி மாதக்கணக்கில் அழுந்தியே கிடந்திருக்கும். அசையாமல் கிடந்த ஊசி அழுக்கிலும் துருவிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு குளிர் வந்து குப்பி சுருங்கினாலும் ஊசி எழும்பாது. மழைக்காலத்தில் பூட்டியே வைத்த வீட்டில் தாழ்ப்பாள் இறுகிப்போகிற மாதிரிதான்.

தம்பி குமிழைத் திருகிக் கழற்றினான். கேமராவை அருகே கொண்டுபோனான். நடுவில், தீக்குச்சித் தலை அளவுக்கு, ஒரு ஊசி முனை தாழ்ந்து கிடந்தது. மரக்கரண்டியின் காம்பால் அதை மெதுவாக அழுத்தி விட்டான். அசையவில்லை. இன்னொரு தடவை. பத்துப் பதினைந்து தடவை அழுத்தியிருப்பான். “இடுக்கியால பிடிச்சு இழுத்துடலாமா அண்ணே?” என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். ஊசி கையோடு வந்துவிட்டால் அந்த ஓட்டையிலிருந்து சுடுநீர் பீய்ச்சும். பொறுமையாக இன்னும் நாலு தடவை அழுத்தினான். ‘டிக்’ என்று ஊசி மேலே எழும்பியது. அடுத்த நொடியே குழாயில் ‘ஷ்ஷ்ஷ்’ என்று தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது. தம்பி மகன் கம்பளியோடு குதித்தான்.

இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். என் மகள் விடவில்லை. “மத்த ரேடியேட்டர் எல்லாம் எப்படி இருக்கு? ஒண்ணொண்ணா மேல, கீழ தொட்டுப் பாருங்க சித்தப்பா.” தன் ஊகம் தோற்றதை அவளால் இன்னும் ஏற்க முடியவில்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த யோசனை சரியானது. நன்றாக வேலை செய்கிற ஒன்று எப்படி இருக்கும் என்று தெரியாமல், கெட்டுப்போனதை எப்படி அடையாளம் காண்பது?

தம்பி கீழே போனான். கூடத்து ரேடியேட்டர் அடியில் நல்ல சூடு. மேலே கையை நகர்த்த நகர்த்தச் சூடு குறைந்து, உச்சியில் ஒரு சாண் அகலத்துக்கு ஜில்லென்று இருந்தது. அவர்களுக்குப் பழகிப்போனதால் யாரும் கவனிக்கவே இல்லை.

“காத்து!” என்றாள் மகள். இந்தத் தடவை கொஞ்சம் அடக்கமாக.

சூடான ரேடியேட்டரின் திருகைத் திறக்கக் கூடாது. பாய்லரை நிறுத்தி, ஆறுவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த அரை மணியில் பையன் கேட்டான்: “அக்கா, உங்க வீட்ல டேங்க்கை காலி பண்ணீங்க, காத்து வந்துச்சு. எங்க வீட்ல யாரும் தண்ணியை காலி பண்ணலையே? குழாய் எல்லாம் மூடித்தானே இருக்கு?”

இதற்குப் பதில் எங்கள் அடுப்பில் இருந்தது. டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். போனை மேலே பிடித்துப் பாத்திரத்தைக் காட்டினேன். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, ஆனால் பாத்திரத்தின் சுவரில் கடுகு கடுகாகக் குமிழிகள். அவை நீராவி இல்லை. தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சர்க்கரை சுடுநீரில்தான் அதிகம் கரையும்; காற்று நேர்மாறு, குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 14.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான், பாதி. எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிறது: டாகுர்புகுர், ‘புகுர்’ என்றால் வங்காள மொழியில் குளம். கடும் வெயில் காலத்தில் குளத்து மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரவெல்லாம் குளத்தில் இருக்கும் செடிகளும் உயிர்களும் ஆக்ஸிஜனைச் செலவழித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் இருப்பும் குறைவு.

பாய்லருக்குள் நிரப்பிய தண்ணீரிலும் இதேதான் நடக்கிறது. சூடாக ஆக, கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழியாகிறது. குமிழிகள் நீரோடு பயணம் போகும். ரேடியேட்டருக்குள் நுழைந்ததும் ஓட்டம் மெதுவாகும், மேலே போக இடம் கிடைக்கும். அங்கே தங்கிவிடும். இன்று நாலு, நாளை நாலு. சில வாரங்களில் உச்சியில் ஒரு காற்றறையே உருவாகிவிடும். சுடுநீர் அதற்குக் கீழேயே உலாவிவிட்டுத் திரும்பிவிடும். தண்ணீரைவிடக் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் இருபது மடங்குக்கு மேல் மோசம் என்பதால், மேல் பகுதி பக்கத்திலேயே சூடு இருந்தும் குளிர்ந்தே கிடக்கும்.

ஆறியபின் தம்பி சாவியைத் திருப்பினான். “ப்ப்ஸ்ஸ்ஸ்ஸ்…” பெஹாலாவுக்கே கேட்டது! அரை நிமிடம் விடாமல் சீறியது. பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. சீறல் நின்று ஒரே சீராகச் சொட்டியதும் திருகை மூடினான். வெளியே போன காற்றின் இடத்தை நிரப்பத் தண்ணீர் வேண்டுமல்லவா? பாய்லரின் அழுத்தமானி 1.3 பாரிலிருந்து 0.9க்கு இறங்கியிருந்தது. பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை இருக்க வேண்டும். நிரப்பும் குழாயைத் திறந்து பழையபடி 1.3க்குக் கொண்டு வந்தான். ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தி, தீக்குச்சி எதுவும் இருக்கக் கூடாது. இரும்பும் தண்ணீரும் வினைபுரிவதால் சில சமயம் வெளியே வருவது ஹைட்ரஜனாக இருக்கும், அது பற்றிக்கொள்ளும்.

கோப்பையில் விழுந்த தண்ணீரைப் பையன் கேமராவுக்குக் காட்டினான். “ஐயே, மை மாதிரி இருக்கு!” உண்மையிலேயே கறுப்பு. எங்கள் தெருவில் அடிபம்புத் தண்ணீர் பிடித்தால் முதலில் தெளிவாக இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் செங்காவி நிறமாகிவிடும். நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு, காற்றின் ஆக்ஸிஜன் பட்டுச் சிவந்து துருவாகிறது. ஈஸ்ட்ஹாம் கோப்பையில் இருப்பதும் இரும்பின் ஆக்ஸைடுதான். ஆனால் மூடிய குழாய்க்குள் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் சிவப்புத் துருவுக்குப் பதில் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்ஸைடு உண்டாகிறது. பெயரிலேயே துப்பு இருக்கிறது. “ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கே காந்தம், அதை கோப்பைக்கு வெளியே வச்சுப் பாரு” என்றேன். வைத்தான். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் துகள்கள் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. தம்பியும் பையனும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

இந்தக் கறுப்புச் சேறு கனமானது. காற்றைப் போல மேலே போகாது. ரேடியேட்டரின் அடியில், நீரோட்டம் மந்தமாக இருக்கும் நடுப்பகுதியில் படியும். ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் நிரப்பும்போதும் அதோடு கொஞ்சம் புது ஆக்ஸிஜன் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் இரும்பைத் தின்னும். அதனால் வாரா வாரம் சாவியைத் திருப்ப வேண்டி வந்தால், காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பதை விட்டு, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். இங்கே குடிநீர்க் குழாய் கசிந்தால் சுவரில் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். அங்கே பாய்லரின் அழுத்தமானி முள்தான் காட்டிக் கொடுக்கும்.

அன்று இரவு பதினொன்றரை ஆகிவிட்டது நாங்கள் போனை வைக்க. மகள் காலையில் மிஸ்திரி விட்டுப்போன ஹோஸ் துண்டை எடுத்து, அதில் வாய் வைத்து ஊதிக்கொண்டே தூங்கப் போனாள்.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து அவள் வந்து, நோலேன் குர் என்ற ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு ஒன்றை வாயில் அடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈஸ்ட்ஹாம்.

“அக்கா, என் ரூம் சூப்பர். கூடமும் மேல கீழ எல்லாம் சூடு. ஆனா பாத்ரூம் ரேடியேட்டரை இன்னிக்கு அப்பா தொட்டுப் பார்த்தாரு. மேல சூடா இருக்கு. கீழ, நடுவுல மட்டும் ஜில்லுன்னு இருக்கு.”

சந்தேஷை விழுங்கக் கூடப் பொறுக்காமல் அவள் சொன்னாள்: “சாவியை வச்சிடு. காந்தத்தை எடுத்துட்டு வா.”